டி.பி. என்று சொன்னார்கள்

என் கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் வேலை. மழைக்காலத்தில் அங்கே கால் வைக்கிற இடமெல்லாம் சேறு. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு, செருப்புப் போடாத பிடிவாதமும் உண்டு. ஒரு அடைமழைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது, ஆள் பாதியாக இளைத்தார். பாலக்கரையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டி.பி.தாம்மா" என்றார். சளிப் பரிசோதனையில் கிருமி எதுவும் தெரியவில்லையே என்று கேட்டேன். "சில பேருக்குத் தெரியாது. மருந்த ஆரம்பிச்சிடுவோம்" என்றார். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இந்த டாக்டருக்கு இருமலெல்லாம் டி.பி.

அன்றைக்கே எங்கள் மகளை ஸ்ரீரங்கத்தில் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார் என் கணவர். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் அவளை அழைத்து வருவார். இவர் வாசற்படியைத் தாண்ட விடமாட்டார். "அங்கயே நில்லும்மா. அப்பாவுக்குச் சரியானதும் தூக்கிக்கிறேன்" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்வார். அவள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மாத்திரை சாப்பிட்டு மூத்திரம்தான் சிவப்பாகப் போனது, காய்ச்சல் போகவில்லை. கேட்டால், "பொறுமையா இருங்க, நாளாகும்" என்றார் டாக்டர். மாதக்கணக்கில் பொறுத்தோம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதெல்லாம் நோயாளிக்குப் பொருந்தாது. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின், அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னை வரச்சொன்னார். சின்ன வயது, மரியாதையாகப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரருக்கு வந்தது டி.பி. இல்லைங்க. மண்ணுல, சேத்துல இருக்கற ஒரு கிருமி. பார்க்க டி.பி. மாதிரியே இருக்கும். அவர் கேஸை எழுதி வெளியிட்டா மத்த டாக்டருங்க ஏமாற மாட்டாங்க. பேரு போட மாட்டோம். நீங்க சம்மதிக்கணும்."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இது ஒட்டுமாங்க?"

"ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வங்க. குழந்தையைப் பத்திப் பயப்படாதீங்க."

எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அங்கேயே கத்தி அழவேண்டும் போலிருந்தது எனக்கு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்னொருத்தி வீட்டிலாவது ஆள் பிழைக்கட்டும்.

மகள் இப்போது என்னோடு இருக்கிறாள். அப்பா ஏன் கடைசிவரை தூக்கவே இல்லை என்று அவ்வப்போது கேட்கிறாள். "தூக்கியிருந்தா உனக்கும் வந்திருக்கும்டி. உன்னைக் காப்பாத்தத்தான் அப்பா தள்ளி நின்னாரு" என்கிறேன். அவளுக்கு அது போதுமானதாக இருக்கிறது. அவர் தாராளமாகத் தூக்கியிருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.