தைலம்மை படித்த கடைசிப் பக்கம்

இன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்றால் அது தைலம்மை செய்த புண்ணியம். 1908இல் அவள் சிராங்கூன் சாலையில் தோசை சுட்டு விற்ற விதவை, இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்றவள். மத்தியானங்களில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்து, பெண்களுக்குப் பெரிய எழுத்துக் கதைப்புத்தகம் படிப்பாள். குறுக்கே யார் கேள்வி கேட்டாலும் புத்தகத்தைப் பார்த்தே பதில் சொல்வாள். அச்சில் வந்தது பொய்யாகாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

எனக்கு இருபது வயது. வண்டிக்கார மருதப்பனுக்கு என்னைப் பேசியிருந்தார்கள். நல்ல மனுஷன்தான், என்ன செய்ய? என் மனசு தைலம்மையிடம் போய்விட்டது. உலகத்தில் இப்படியொரு பைத்தியம் நான் ஒருத்திதான் என்று அழுதேன். ஒருநாள் அவளிடமே சொல்லியும் விட்டேன்.

"எனக்கும் அப்படித்தான் பூவு," என்றாள்.

பரிசம் போடுவதற்கு முந்தின நாள், ஒரு ராஜகுமாரியும் அவள் தோழியும் வரும் கதை முடிந்தது. "இருவரும் மணம் வேண்டாமென்று ஆற்றங்கரையில் வீடு கட்டி, ஒருத்திக்கொருத்தி துணையாய்ச் சுகமாக வாழ்ந்தார்கள்" என்று தைலம்மை படித்தாள். அட, எங்களைப் போலவும் இருந்திருக்கிறார்களா! நான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்.

கூட உட்கார்ந்து கதை கேட்ட என் ஆத்தா என்னைப் பார்த்தாள். பிறகு தைலம்மையைப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்த ராசா மவளோட ஆத்தா என்ன சொன்னா?"

தைலம்மை தாளைத் திருப்பினாள். குனிந்து படித்தாள்: "தாயார் முதலில் கோபித்தாள். பின்பு மகளின் சிரித்த முகத்தைக் கண்டு, அந்த வீட்டுக்கே சாப்பிட வந்தாள்."

ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "அச்சுலயே போட்டிருக்கு. நான் என்னத்தச் சொல்ல?" பரிசம் வேண்டாமென்று அன்றே மருதப்பன் வீட்டுக்கு ஆள் போனது.

ஜாலான் புசாரில் நானும் தைலம்மையும் ஓர் அறை எடுத்துத் தோசைக்கடை போட்டோம். எனக்கு அவளே எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் முதலில் எடுத்துப் படித்தது அந்தக் கதையைத்தான். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரையும் ஒரே ராஜாவுக்குக் கட்டிவைத்திருந்தான், எழுதின பாவி! தூ!

"அடி கள்ளி! அத்தனையும் நீயாச் சொன்னதா?" என்று தைலம்மையைக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் பகீரென்றது. பக்கத்தில் ஆத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சட்னியை வழித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு எழுத்துதான் தெரியாது, கண்ணுமா தெரியாது? அன்னைக்கு நான் கேட்டதுக்கு அவ பின்னட்டையைப் பாத்துல்ல படிச்சா. இன்னொரு தோச போடு."