மெத்தை நாற்காலிகள்

இலங்கை மலையகத்தில், பதுளையில் ஒரு தனியார் பட்டப்படிப்பு நிலையத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் தரத்தைச் சோதிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் குழு வருகிறது என்றதும், அத்தனை கோப்புகளும் என் தலையில் விழுந்தன. தரமாம், தரம்! ஒரு வெளிநாட்டு மாணவர்கூட இல்லாத இடத்தில் 'சர்வதேச மாணவர் மையம்' என்று பலகை மாட்டினேன். அது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் அறை. அவர்களை வெளியேற்றிவிட்டு, அதிபர் அறையின் மெத்தை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட வைத்தேன்.

குழுவிடம் பேச, பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து மாணவி செல்வியைத் தயார்படுத்தினேன். "இங்கே என்ன குறை?" என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். "ஒரு குறையும் இல்லை" என்று அவளும் ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னாள்.

அவர்கள் போனதும் நாற்காலிகள் திரும்பிப் போயின. செல்வி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாம நல்லா பேசுன" என்றேன்.

"பழக்கந்தான் மிஸ். வெளிநாட்டுக்குப் போற தேயிலைக்கு சர்டிபிகேட் குடுக்குறவங்க தோட்டத்துக்கு வந்தா, மருந்தடிக்கிற எங்கப்பாவுக்கு புது கிளவுஸ் குடுப்பாங்க. 'எப்பவும் குடுக்குறாங்க'ன்னு அப்பா சொல்லணும். வண்டி போனதும் கழட்டி வாங்கிக்குவாங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தோட்ட நிர்வாகங்களைத் திட்டி எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்று கிளவுஸைக் கழற்றி வாங்கியவள் நான்தான்.