இடப்பக்கச் சீட்டுக்கு ஒரு கூரை

என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவுக்கு வருகிறார் என்று தெரிந்த அன்று, காரின் கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டிப் பார்த்தேன். வைத்தியசாலை வாடை அடித்தது. முன்னால் இடப்பக்கச் சீட்டின் துணி, அம்மாவின் உடம்பு கிடந்த அளவுக்கு எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. இதைப் பார்த்தால் அவர் என்னவெல்லாம் சொல்லுவார் என்பது எனக்கு மனப்பாடம்.

அம்மா திருவட்டாற்றில் தனியாக இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு போயிற்று. குளச்சல் பக்கம் ஒரு வர்ம வைத்தியர் எண்ணெய் போட்டு நீவி உழிச்சல் செய்துகொண்டிருந்தார். விடாமல் கொண்டுவந்தால் மழைக்கு முன்னால் நடக்கவைத்துவிடலாம் என்றார். இரண்டு நிபந்தனைகள். படுத்த வாக்கில்தான் கொண்டுவரவேண்டும். சிகிச்சை முடிகிறவரை எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. நான் கோட்டாற்றிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய் அம்மாவை ஏற்றி, சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுபோவேன். எண்ணெய் எங்கே போகும்? சீட்டுக்குத்தான் போகும்.

சீட் தைக்கிற கடையில் விசாரித்தேன். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அத்தனை நாள் உழிச்சல் நின்றால் அம்மாவின் இடுப்பு பழையபடி இறுகிவிடும். அப்படியானால் நானே தைத்துக்கொள்கிறேன், ரெக்சின் மட்டும் தாருங்கள் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யக்கா, இது தலையணை உறை இல்ல பாத்துக்கிடுங்க."

அந்த வாய்க்காகவே தைத்தேன். சீட்டைக் கழற்றி வராந்தாவில் போட்டு, துணியைக் கவ்வியிருந்த இரும்பு வளையங்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பழைய உறையைத் தையல் பிரித்து, அதையே அளவாக வைத்து ரெக்சினை வெட்டினேன். மெஷினில் ஊசி முறிந்துகொண்டே இருந்தது. கை முழுக்கக் கீறல். துடைத்தால் எண்ணெய் போய்விடும் என்பதற்காகத்தான் ரெக்சின். அம்மாவின் முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஸ்பாஞ்சைக் கத்தியால் கிண்டிப் பள்ளம் செய்தேன். புதுச் சீட்டில் படுத்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம் மக்கா" என்றாள். இடுப்பு போனதிலிருந்து அவள் எதையும் கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு ஒன்று சொன்னாள். "மேல பாத்துக்கிட்டே வரணும்லா. அந்த அழுக்குத் துணியப் பாத்தா தலை சுத்துது."

எனக்கு அது தோன்றவே இல்லை. போகவர அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது தொங்கிப்போன கூரைத் துணி ஒன்றுதான். கைப்பிடிகளையெல்லாம் கழற்றிக் கூரைத் தட்டை இறக்கினேன். பழைய ஸ்பாஞ்ச் மஞ்சள் மாவாகத் தலையில் கொட்டியது. சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி ஒட்டினேன். ஊசியால் துளை போட்டு, தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும் ஒளியிழைகளைத் தட்டின் முதுகு வழியாக ஒவ்வொன்றாக இழுத்துவிட்டேன். இழைகளின் மறுமுனையைச் சேர்த்துக் கட்டி ஒரு சின்ன விளக்குப் பெட்டியில் செருகினால் துணி முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். எல்லாத் துளைகளையும் இடப்பக்கச் சீட்டுக்கு நேர் மேலேதான் போட்டேன். ஓட்டுகிற எனக்கு எதற்கு?

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே போனாள், பார்த்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் வைத்தியசாலை வாசலில் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றாள். கால்கள் நடுங்கின. ஆனாலும் நின்றாள். நான் அழுதுவிட்டேன்.

அவர் வந்தார். காரைச் சுற்றிவந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார், லைட்டைப் போட்டுப் பார்த்தார். "நீயாட்டி செஞ்ச?" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் செய்த ஒன்றை அவர் இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தது அன்றுதான். மடச்சி, மகிழ்ந்துபோனேன்.

அவர் தங்கை பிள்ளைகளோடு வந்தாள். எங்கள் ஊரிலேயேதான் அவள் வீடு. முதலில், "அய்யே, இது என்ன சர்க்கஸ் கூடாரமா?" என்று சிரித்தாள். பிள்ளைகள் காரைவிட்டு இறங்கமாட்டோம் என்று அடம்பிடித்தபோது அவள் சிரிப்பு நின்றது. அடுத்த நாள் அண்ணனுக்குப் போன். அதற்கடுத்த நாள் காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"வண்டிய தங்கச்சிக்குக் குடுக்கப் போறேன். அவளுக்கு நான் ஒண்ணும் செய்யல்லலா."

"நான் அம்மைய எதுல கொண்டுபோவேன்?"

"ஊருல ஆட்டோவே இல்லியா?"

அம்மாவை உட்காரவைக்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை கழுவ எழுந்துவிட்டார். திரும்பி வந்து, ஞாபகம் வந்தவராக இன்னொன்றும் சொன்னார்.

"லைட்டு ஒரு பக்கந்தான் இருக்குன்னு அவளுக்குக் கொறை. மத்தப் பக்கமும் போட்டுக் குடுத்துரு. ஒனக்குத்தான் தெரியும்லா."

போட்டேன். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கூரைத் தட்டை மறுபடியும் இறக்கி, ஒவ்வொரு துளைக்கும் ஒரு சாபமாக அவள் குடும்பம் முழுவதற்கும் போட்டேன். வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. அது என் பிறவிக் கோளாறு.

கார் தங்கை வீட்டுக்குப் போயிற்று, அவர் லீவு முடிந்து போனார். நான் அம்மாவை ஆட்டோவின் பின்சீட்டில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்தாள். கதவைப் பிடித்து எழுந்து நின்றவளுக்குக் கொஞ்ச நாளில் புரண்டு படுக்கவே ஆள் வேண்டியிருந்தது. வைத்தியர் என்னைத்தான் ஏசினார். இனி காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்றார். வாடகைக் கார்க்காரர்கள் ஒரு தடவை வருவார்கள். சீட்டில் எண்ணெயைப் பார்த்துவிட்டால் மறுதடவை போனை எடுக்கமாட்டார்கள்.

மானத்தை விட்டு நாத்தனாருக்குப் போன் போட்டேன். திருவட்டாற்றில், அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெய் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேன். உழிச்சல் நாட்களில் மட்டும் காரைத் தந்தால் போதும், நானே வந்து எடுத்துக்கொண்டு நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க மைனி. அந்த எண்ணெ நாத்தம் ஒருக்கா ஏறிச்சுன்னா போவாது. பிள்ளையளுக்கு ஓங்கரிக்கும்."

"அது ரெக்சின்டீ. தொடச்சா போயிரும். அதுக்குத்தான நான் தச்சதே!"

"எண்ணெ போவும் மைனி. கெழவிக்க வாடை போவுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து அவர். தங்கை அழுதாளாம், நான் அவளை 'டீ' என்று ஏசினேனாம். "அவளுக்க வண்டி. தரமாட்டேன்னா விடு. இதுக்குப் போயி ஏன்ட்டி மானத்த வாங்குக?" என்றார். அப்போதும் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அதை எடுத்து அணைக்க எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இடுப்பு முறிந்து கிடக்கவேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

அம்மா கையை மெல்லத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"மணக்கத்தான் செய்யுது மக்கா. என்னைக் குளிப்பாட்டி விடு."

"கழுவப்பிடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காருல்லா அம்மா?"

"குளிப்பாட்டி விடு."

வெந்நீர் வைத்துக் கட்டிலிலேயே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சோப்புத் தேய்த்துத் துடைத்துவிட்டேன். இத்தனை மாதம் ஏற்றிய எண்ணெய் வழுக்கி வழுக்கி இறங்கியது. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மறுபடியும் தேய் என்றாள், தேய்த்தேன். துவட்டி முடித்ததும் முன்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இப்பம் போச்சா?"

மோந்து பார்த்தேன். போகவில்லை. போய்விட்டது என்று சொன்னேன். "அப்பம் செரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். நடக்கவேண்டும் என்று ஒருநாள்கூடச் சொல்லவில்லை.