இரும்பு போதாத நட்சத்திரம்

என் தங்கை ஒரு கிழட்டு நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு ஆராய்ச்சி செய்தாள். நான் அரசு உலோகத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருந்தேன். எஃகுத் துண்டில் மின்பொறி பறக்கவிட்டு, அந்த ஒளியைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்து, விழும் கறுப்புக் கோடுகளை வைத்து இரும்பு எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. அவள் வேலையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் திமிர் மட்டும் அவளுக்குத்தான் அதிகம்.

"நீ உருக்கற இரும்பெல்லாம் நட்சத்திரங்க சமைச்சுப் போட்டதுதான் அண்ணா. அந்தச் சமையலுக்கு முன்னாடியே பொறந்தது என்னோடது. அதுல இரும்பு கம்மியாத்தான் இருக்கணும்" என்று தார்நாகாவில் இருந்த எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அளப்பாள்.

அவளுடைய பேராசிரியர்தான் மசியவில்லை. குறைவாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடு அளந்தால் குறைவாகத்தான் தெரியும் என்றுவிட்டார். அவர் ஒப்புக்கொள்ளாமல் பட்டம் கிடையாது. வேறு கருவியிலும் பார்க்கலாமே என்று, தன் நட்சத்திரத்தின் ஒளி பதிந்த தகட்டை, எங்கள் தகடுகளைப் போலவே கோடுகள் கறுப்பாக விழும்படி நகல் எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

அதை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். எங்கள் பிரிவுத் தலைவருக்கு, கண்ணில் பட்ட தகட்டைப் படிக்காமல் தாண்டிப் போகத் தெரியாது. நான் திரும்பியபோது தகட்டின் மூலையில் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி இருந்தது. மனிதர் தன் உருது கலந்த தமிழில் கொதித்துக்கொண்டிருந்தார்.

"கைக்கு? ஏன் இந்த மாதிரி சாம்பிள் அனுப்பறாங்க? இரும்பே தேறலை. இதெல்லாம் ஸ்டீலா? ரிஜெக்ட்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டில் சொன்னபோது தங்கை சிரிக்கவில்லை.

"நட்சத்திரம்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சொல்லிடாத அண்ணா. எங்க சார்கிட்ட கூட்டிட்டு வா, ப்ளீஸ்."

ஒரு சாம்பிள் விஷயமாகக் கருத்துக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லி, ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். பேராசிரியர் அடையாளம் எதுவும் இல்லாத இரண்டு நகல்களை நீட்டினார். ஒன்று சூரியனைப் போன்ற சாதாரண நட்சத்திரம், மற்றது தங்கையுடையது.

தலைவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது பரவால்ல. அது நக்கோ, வேணாம் சார், ஒரு ஆணிகூட அடிக்க முடியாது" என்று அவளுடையதைத் தள்ளி வைத்தார்.

பேராசிரியர் தங்கையைப் பார்த்து, இனி ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். அவர் பதறிப் போனார்.

"அரே, அழாதம்மா! வேணும்னா பாஸ் பண்ணிடறேன்!"