உட்கார்ந்து குடிக்கச் சொன்னவர்

போன வாரம் ஒரு காலை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் கீரைக்காரம்மாவிடம் விலைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிலோமினா மேடத்தின் மகன் ஜெரால்டிடமிருந்து போன் வந்தது. “ஆன்ட்டி, அம்மா எந்திரிக்கல. டாக்டர் வந்து பார்த்துட்டாரு” என்றான். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. கீரைக்காரம்மா நான் சொன்ன விலைக்கே தருவதாகக் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

பிலோமினா மேடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் பிரிவு, நான் அக்கவுன்ட்ஸ். கம்பெனி வேன் என்னை ஸ்ரீரங்கத்தில் ஏற்றிக்கொண்டு காட்டூர் வந்து அவரை ஏற்றும். பக்கத்து சீட்டில் என் டிபன் கூடையை வைத்து அவருக்கு இடம் பிடித்திருப்பேன். போல்ட் நட்டிலிருந்து பெயின்ட் வரை அவர் வாங்கிப் போட்ட பொருளில் யாரும் குறை சொன்னதில்லை. “லோயஸ்ட் கொட்டேஷன் எடுத்தவங்க அடுத்த மாசமே கம்ப்ளெய்ன்ட் எழுதுவாங்க. ஹையஸ்ட் எடுத்தவங்க வெட்கப்பட்டுக்கிட்டு வாயே தொறக்க மாட்டாங்க. நடுவுல பாருங்க” என்பார். அதே கண்ணோடுதான் அவர் விருந்துக்கு ஒயினும் வாங்கினார். எங்கள் வட்டத்தில் அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த விருந்துகள்தான்.

அவர் கணவர் ரயில்வேயில் இருந்தவர். குடித்துக் குடித்தே ஈரல் கெட்டு, மகன் ஜெரால்ட் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு நாள் வேனில், “ஈஸ்டருக்கு வீட்டுக்கு வாங்க வைதேகி, உங்களுக்குத் தனியா சைவம் பண்றேன். மத்தவங்களுக்கு ஒயின் வாங்கணும், துணைக்கு வரீங்களா?” என்று அவர் கேட்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“உங்க வீட்டுல நடந்தது போறாதா? மறுபடியும் பாட்டிலைக் காசு குடுத்து உள்ள கொண்டு வரணுமா?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவர் ஒரு நாள்கூட சாப்பாட்டு முன்னாடி உட்கார்ந்து குடிச்சதில்ல. மாடிப்படிக்குக் கீழ, பாத்ரூம்ல, கடை வாசல்ல நின்னுக்கிட்டே. வயித்துல ஒரு வாய் சோறு இருக்காது. நாளைக்கு எம் பையன் கையிலயும் யாராவது கிளாஸைக் குடுக்கத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி, நாலு பேரு எதிர்ல உட்கார்ந்து, சாப்பாட்டோட கொஞ்சமா குடிச்சுட்டு எந்திரிச்சுப் போறதுன்னு ஒண்ணு இருக்குன்னு அவன் பார்த்திருக்கணும். எனக்கு வேற வழி தெரியல.”

எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனாலும் துணைக்குப் போனேன். ஏ.சி. போட்ட அரசு மதுக்கடை அது. இரண்டு பெண்பிள்ளைகள் கைப்பையோடு நுழைந்ததும் ரெய்டு வந்ததுபோல் ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எங்கள் வீதிக்காரர் யாராவது பார்த்துவிடப் போகிறாரே என்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டேன். “சும்மா நின்னா யாரும் பார்க்க மாட்டாங்க. இப்படி நின்னீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவாங்க” என்று கிண்டல் செய்துவிட்டு, அவர் ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பிப் பின்பக்கத்து எழுத்தைப் படித்தார். வெளிநாட்டுச் சரக்கின் பக்கமே போகவில்லை. நாசிக் பக்கத்துத் தோட்டத்து ஒயினில் நடுவிலை உள்ளதாக ஒன்றை எடுத்தார்.

அந்த முதல் ஈஸ்டரில் சரியாகச் சறுக்கினோம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று லேபிளில் போட்டிருந்தது. மேடம் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு பாட்டிலை அலமாரி மேல் வைத்துவிட்டார். சித்திரை வெயிலில் காட்டூர் வீட்டு அறை எப்படி இருக்கும் என்று எழுதியவருக்குத் தெரியுமா? ஊற்றும்போதே வெதுவெதுவென்று இருந்தது. மிளகு போட்ட மட்டன் வறுவலோடு அதைக் குடித்த அவர் தங்கை கணவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அண்ணி, இது ஒயினா கஷாயமா?” என்றார். மேடம் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, “அவங்க ரூம் பனி பெய்யிற ஊர்ல இருக்கு போல” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு சிவப்பு ஒயினும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

நான் இன்றுவரை ஒரு துளி தொட்டதில்லை. ஆனால் எதற்கு எது சேரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காரமான குழம்புக்கு லேசாக இனிப்புள்ள வெள்ளை ஒயின். மாங்காய் போட்ட மீன் குழம்பு வைக்கும் கோடையில் நன்றாகக் குளிர்ந்த, புளிப்பான வெள்ளை. துவர்க்கும் சிவப்பைக் காரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது, நாக்கு எரியும். கிறிஸ்துமஸ் பிரியாணியில் காரத்தைக் குறைத்தால் சிவப்பையும் அதோடு வைக்கலாம். மழைக்காலத்து வெங்காய பஜ்ஜிக்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை எதுவும் திருப்தியாக அமையவில்லை. “இதுக்கு டீதான் வைதேகி, நம்ம ஆட்டமெல்லாம் செல்லாது” என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் உட்கார்ந்து, தட்டில் சோறு விழுந்த பிறகுதான் பாட்டிலைத் திறப்பார். மேடமும் கூடவே உட்கார்ந்து அரை டம்ளர் குடிப்பார். சாப்பிட்டுக் கை கழுவினால் அவரவர் டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று யாராவது இழுத்தால், “பாயசம் இருக்கு, அதைக் குடிங்க” என்பார். ஜெரால்டுக்கு வேலைக்குப் போகும்வரை திராட்சை ஜூஸ்தான். பிறகு அவனுக்கும் அரை டம்ளர் வந்தது. அவன் குடிப்பதை அவர் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பையன் நல்ல பிள்ளை. ஆனால் கான்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்த பிறகு சைட் நண்பர்களோடு அவன் வெளியே குடிக்க ஆரம்பித்தான். ஒரு சனிக்கிழமை பைக்கோடு விழுந்து முழங்கை கிழிந்து வந்தான். திங்கட்கிழமை வேனில் திருவெறும்பூர் தாண்டியதும் மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் பழக்கி விட்டுட்டேனா வைதேகி? நீங்க அன்னிக்கே கேட்டீங்களே. அவங்கப்பா மாதிரியே நின்னுக்கிட்டு, சோறு இல்லாம குடிச்சிருக்கான். நான் உட்கார வச்சதெல்லாம் எங்க போச்சு?”

அவர் கையை விடாமல் கம்பெனி வாசல்வரை வந்தேன்.

அடுத்த விருந்து ஆடிப்பெருக்குக்கு. நான் கலந்த சாதங்கள் செய்து எடுத்துப்போவது வழக்கம். இந்த முறை ஒயின் இருக்காது என்றுதான் நினைத்தேன். மேடமோ மகனைக் கூப்பிட்டு, “ஆன்ட்டி புளியோதரையும் தேங்காய் சாதமும் கொண்டு வராங்க. இந்தத் தடவை நீயே போய் யோசிச்சு வாங்கிட்டு வா” என்று சொல்லியிருக்கிறார். இவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் நெடுநேரம் கழித்து இளஞ்சிவப்பு ஒயின் ஒன்றோடு வந்தான். “புளியோதரைக்கு இது ஒத்துவரும்னு நெனச்சேம்மா” என்றான். ஒத்துத்தான் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவியவன் தன் டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுதக் கூடாது. சில வாரம் நேராக வருவான், சில வாரம் தள்ளாடி வருவான். மேடம் பயந்துகொண்டேதான் இருந்தார். தான் செய்தது சரியா தப்பா என்று தெரியாமலே ஒரு நாள் தூக்கத்தில் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்தோம். துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டார் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உறவுக்கார ஆண்கள் பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஜெரால்டின் சித்தப்பா அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “வாடா, காலையிலேர்ந்து நிக்கிற. ஒரு கிளாஸ் போடு. இல்லன்னா உடம்பு தாங்காது” என்று ஊற்றி நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டான். கத்திவிடலாமா என்று தோன்றியது. கத்த நான் யார்?

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து அதைத் தொட்டி ஓரத்தில் வைத்தான்.

“சித்தப்பா, எல்லாரும் உள்ள வாங்க. வந்து உட்காருங்க. சோறு போட்டுட்டாங்க” என்றான். யாரும் அசையவில்லை. அவன் சித்தப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஜெரால்ட் வரிசையில் நடுவே உட்கார்ந்து, அழுதுகொண்டே, ரசம் சோற்றைப் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டான்.

நாளைக்கு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவன் உட்கார்ந்து சாப்பிட்டான், மேடம். நான் என் கண்ணால் பார்த்தேன். போய் வாருங்கள்.