மேரிறோஸ் பூசிய மண்சுவர்

"அண்ணை, சுவருக்கு மண் பூசுவம். கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் துவாரம் விட்டா வெக்கை மேலால போயிடும்."

"ஆர் சொன்னது?"

"இசூஃப். புர்க்கினா ஃபாசோவில எனக்கு வேலை காட்டின மேசன். இப்ப ஒபர்வில்லியேயில என்னோடதான் நிக்கிறார்."

"காப்பிலியின்ர குடிசையை லா சப்பலுக்குக் கொண்டு வாறீர். அப்ப மாடும் கட்டுவமே?"

"நீங்கள் இருக்கேக்கை மாடு என்னத்துக்கு, அண்ணை?"

பாரிசின் லா சப்பலில் உள்ள தமிழ்ப் பள்ளி மண்டபச் செயலாளர் வரதராசாவும் மேரிறோஸும் அன்று பேசியது இவ்வளவுதான். பக்கத்தில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஆர்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கறுப்பரை இழிக்கும் 'காப்பிலி' என்ற அந்த ஒரு சொல் நெஞ்சில் குத்தியது.

மேரிறோஸ் மன்னாரில் பிறந்து, பாரிசுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெயில் வளர்ந்தவள். சாந்து பூசுவது தொழில். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினாவில் இரண்டு வருடம் வேலை செய்து திரும்பியவள், மெத்ரோ ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய மண்ணைக் கல்லாகவும் பூச்சாகவும் மாற்றும் பட்டறையில் சேர்ந்தாள். இசூஃபை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

சில மாதம் கழித்து ரோமன் என்ற கட்டடக் கலைஞர் வரைபடத்தோடு வந்தார். அதே மண்பூச்சு. அதே துவாரங்கள். புர்க்கினாவில் பார்த்துப் படித்தது என்று அவர் முதலிலேயே சொன்னார். அது வரதராசாவின் காதில் ஏறவில்லை. 'தெர் க்ரூ' என்ற பிரெஞ்சுப் பெயர் மட்டும் ஏறியது. பச்சை மண் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. "நவீன முறை" என்று தலையாட்டி, ரோமனுக்குத் தேநீர் ஊற்றினார்.

பூசியவர்கள் மேரிறோஸும் இசூஃபும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே அவிந்த மண்டபம் அந்த ஆடியில் குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகளுக்காகத் தெருவில் காத்து நிற்கும் தாய்மார் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

திறப்பு விழாப் பலகையை இரு மொழியிலும் எழுதும் வேலை ஆர்த்திகாவுக்கு. வரதராசா தந்த வாசகம்: "பிரெஞ்சு விஞ்ஞானத்தின் புதிய கண்டுபிடிப்பு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைப் பார்த்து யாராவது "பாகிஸ்தானி" என்றால் துள்ளிக் குதிக்கிறோம். எங்கள் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் விசா கொடுக்கும் பிரெஃபெக்தூர் வாசலில் சண்டைக்கு நிற்கிறோம். கறுத்த கை குழைத்தால் குடிசை, வெள்ளைக் கை வரைந்தால் விஞ்ஞானமா? அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டே இதைச் சொல்ல எப்படி வாய் வருகிறது?

வாசகத்தைக் காட்டியபோது மேரிறோஸ் கோபப்படவில்லை. வாளித் தண்ணீரில் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"தங்கச்சி, என்ர பேர் வேண்டாம். இசூஃப் சவதோகோ எண்டு முழுசா, பிழையில்லாமல் போடும். 'பிரெஞ்சு விஞ்ஞானம்', 'புதிய' எண்ட ரெண்டையும் எடுத்துவிடும். பிரெஞ்சில மட்டும் எடுத்துப்போட்டு நிப்பாட்டாதையும், தமிழிலயும் எடும். அதை வாசிக்க வேண்டியது எங்கட ஆக்கள்தான்."