திங்கட்கிழமை மட்டும் கடித்த நாய்க்குட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாய்க்குட்டி மேல் எந்தத் தப்பும் கிடையாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் இதை இன்னும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கூடவே இருந்து பார்த்தவன் நான்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பருப்பு, வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். முன்னால் கடை, நடுவில் சரக்கு அறை, பின்னால் வீடு. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது; சரக்கு அறைப் பெருச்சாளிகளுக்கு அது எங்களைவிட முழுசாகவே வந்திருந்தது. துவரம்பருப்பு மூட்டைகளை அடியில் கிழித்துவிட்டு ராஜா மாதிரி நடந்து போகும். அந்தச் சமயம் பார்த்து மலைப்பக்கம் வித்துராவில் அப்பாவிடம் வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர், எஸ்டேட் நாய் போட்ட குட்டி ஒன்றை எனக்குத் தருகிறேன் என்றார். நான் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, ஒரு காய்கறிக் கூடையில் அதை வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும்.

அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பெருச்சாளி பிடிக்குமாலே?"

"வளந்தா பிடிக்கும்."

"அப்போ இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இது சைவ வீடு. நாம திங்கதுதான் அதுக்கும். கறி, மீன்னு இங்க வாசம் வந்துது, நீயும் அதோட சேந்து பஸ் ஏறு. மோருஞ்சோறு போட்டு வளத்தா சாந்தமா வளரும், கேட்டியா?"

நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்கு வந்து குடியேறிய குடும்பம். சாப்பிடுவதுதான் குணம் என்பது எங்கள் வீட்டில் சட்டம். பூண்டு கோபத்தைக் கூட்டும், வெங்காயம் தூக்கத்தைக் கூட்டும், மோர் மனசை அமர்த்தும். அப்படிப் பார்த்தால் அந்த நாய்க்குட்டி சாமியாராகியிருக்க வேண்டும். அது ரவுடியானது.

வந்து சில வாரத்தில் கடைக் கணக்கப்பிள்ளையின் வேட்டித் தும்பைக் கிழித்தது. அப்புறம் தங்கச்சியின் தாவணி. அப்புறம் பழவங்காடி கணபதி கோயிலுக்குப் போய்விட்டு, பிரசாதம் கொடுக்க வந்த எதிர்வீட்டு மலையாளத்து அக்காவின் கை. பல் பட்ட இடம் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அக்கா போட்ட சத்தம் கிழக்கேகோட்டை வரை கேட்டிருக்கும்.

"அய்யோ, ஈ நாய்க்குப் பேயாணு கேட்டோ! ஒரு சரடு ஜபிச்சுக் கட்டணும்!"

கணக்கப்பிள்ளைக்கு வேறு கட்சி. "அது பேயில்ல, மொதலாளி. எஸ்டேட் நாய். தொரைமாரு பங்களாவுல எறச்சி தின்ன பரம்பரை. ரத்தத்துல கெடக்கு."

அப்பா இரண்டையும் கேட்டுக்கொண்டு தன் வைத்தியத்தைச் சொன்னார்: "கொழுப்பு. வயித்தைக் காயப்போடு. நாளையிலேருந்து பாதிச் சோறு."

கடிக்கும்போதெல்லாம் சோறு குறைந்தது. சோறு குறையக் குறையக் கடி கூடியது. குட்டி சுண்ணாம்புச் சுவரை நக்கியது, சாக்குத் துணியைத் தின்றது, தட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் யார் கால் வைத்தாலும் உறுமியது. காலேஜில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த எனக்கே இது விளங்க நாளானது என்பதுதான் எரிச்சல்.

விளங்க வைத்தது தங்கச்சியின் வாய். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், குட்டி என் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டு விடாமல் இழுத்தது. நான் கையை நீட்டினால் கைக்கும் ஒரு கடி. தங்கச்சி வாசல்படியில் நின்று சிரித்தாள்.

"எந்தா சேட்டா, வாங்கியாச்சா? இன்னைக்குத் திங்கக்கிழமையில்லா. வேட்டி கிழிஞ்சதும் திங்கள், என் தாவணி கிழிஞ்சதும் திங்கள், எதிர்வீட்டக்கா கையும் திங்கள். நல்ல சிவபக்தன்தான் கொண்டுவந்திருக்கே!"

நான் செருப்பை விட்டுவிட்டேன். திங்கட்கிழமை.

திங்கட்கிழமை அம்மாவுக்குச் சோமவார விரதம். தங்கச்சிக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து, விளக்கேற்றிய பிறகுதான் ஒரு வாய் சோறு. மற்றவர்களுக்குச் சமையல் வழக்கம்போல நடக்கும். முதலில் சாமிக்கு, அடுத்துக் காக்கைக்கு ஒரு பிடி, அப்புறம் அப்பாவும் நாங்களும். மற்ற நாட்களில் அப்பா எழுந்த இலையில் அம்மா உட்காருவாள். அவள் சாப்பிட்டுக் கைகழுவினால்தான் எங்கள் வீட்டில் 'அடுக்களை ஒதுங்கியது' என்று பொருள். அடுக்களை ஒதுங்கியபின், பாத்திரத்தில் ஒட்டியதை மோர் விட்டு அலசி நாய்க்கு ஊற்றலாம். அதற்கு முன்னால் ஒரு பருக்கை வெளியே போகாது. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாததால்தான் யாருக்கும் அதை மாற்றவும் தோன்றவில்லை.

அதாவது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அலசல் மோர் குடித்த குட்டிக்கு, அடுத்த வாய் திங்கட்கிழமை விளக்கு வைத்தபின்தான். அம்மா வேண்டுதலுக்காகப் பட்டினி கிடந்தாள். குட்டி எந்த வரனுக்காகப் பட்டினி கிடந்தது? சாயங்காலம் அம்மா பாவம் பார்த்து ஒரு மலை போலக் கொட்டுவாள். அது மூச்சுவிடாமல் விழுங்கி, பாதியை அங்கேயே கக்கிவிட்டு, தலைதெறிக்க ஓடும். மற்ற நாட்களிலும் அதற்குக் கிடைத்தது சோற்றின் சாயல்தானே தவிர சோறு இல்லை.

எனக்கு விஷயம் பிடிபட்ட அன்றைக்கே விஷயம் கைமீறியும் போனது. நாகர்கோவிலிலிருந்து தங்கச்சிக்கு ஒரு வரன் சொல்லத் தரகர் வந்தார். "நல்ல இடம்" என்று சொல்லி நடையில் கால் வைத்ததும் குட்டி அவர் கணுக்காலைப் பிடித்தது.

அப்பா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அடுத்த திங்கக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாரா. அன்னைக்கு இதைச் சரக்கு அறையில கட்டிப்போடு. செவ்வாக்கிழமை முதல் பஸ்ஸுல வித்துரா."

"அப்பா, அதுக்கு வெறியில்ல. பசி."

"பசிச்சா கடிக்குமா?"

நான் வாயை அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. "சாப்பாட்டுக்கு முன்னால உங்ககிட்ட கணக்கப்பிள்ளை என்னைக்காவது லீவு கேட்டிருக்காரா? கேக்கமாட்டாரு. ஏன்னு அவருகிட்டயே கேளுங்க."

கணக்கப்பிள்ளை சட்டென்று மிளகாய் மூட்டையின் முடிச்சை ஆராயத் தொடங்கினார்.

"லே, என்னை நாயோட சேத்துப் பேசுதியா?"

"உங்களுக்கு ரெண்டு மணிக்கு மேல சோறு தள்ளினா நடக்கதைச் சொல்லுதேன். அதுக்கு ராத்திரி வரைக்கும் தள்ளுது. அந்தத் திங்கக்கிழமை அது யாரையும் கடிக்கலேன்னா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடிக்கலேன்னா அப்புறம் பாப்போம். ஒரு உறுமல் கேட்டாலும் பஸ்தான்."

எனக்கு அது போதும். ஒரு வாரம் இருந்தது, ஜெயித்தே தீர்வது என்று இறங்கினேன்.

முதல் முட்டுக்கட்டை அம்மா. சாதாரண நாட்களில் வழிக்குக் கொண்டுவருவது சுலபம். காலையில் என் பங்குத் தோசையில் ஒன்று, மத்தியானம் என் இலையில் எனக்கென்று போட்ட பருப்பும் கட்டித் தயிரும், சாயங்காலம் கொஞ்சம். நானே பிசைந்து, நானே வைத்தேன். என் பங்கை நான் யாருக்கும் கொடுப்பேன், யார் கேட்பது? அப்படியும் அம்மா முணுமுணுத்தாள், "அடுக்களை ஒதுங்குமுன்ன நாய்க்குக் கொடுக்கான், கலிகாலம்." ஆனால் விரத நாள் வேறு. அன்றைக்குச் சாதத்தில் நாய்ப் பேச்சே ஆகாது, வேண்டுதல் கெட்டுவிடும், அதுவும் வரன் வரும் நாள்.

நான் அம்மி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மா தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, திங்கக்கிழமை காக்கைக்குச் சோறு வைப்பியா?"

"வைக்காம? மூத்தவங்க வந்து கொத்தணும்லா."

"நீ சாப்பிடுமுன்னயேவா?"

"பின்னே? அவங்களுக்குப் போட்டப்புறம்தானே நமக்கு."

"காக்கை சனீஸ்வரன் வாகனம். நாய் யாரு வாகனம்?"

குழவி நின்றது. நாங்கள் சைவர்கள், அந்தக் கேள்விக்கு அம்மாவுக்குப் பதில் தெரியாமல் இருக்க முடியாது.

"வைரவருக்கு…" என்று இழுத்தாள்.

"வைரவரு யாரு? சிவன். திங்கக்கிழமை யாருக்கு விரதம்?"

"சவத்துப்பய. காலேஜுல இதைத்தான் படிக்கியா?" அம்மா ஈரக்கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ஆனால் அவள் பார்வை கொல்லைப்புறம் போய்விட்டது. அங்கே குட்டி தென்னை நிழலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்தில் அது தூங்கி நாங்கள் பார்த்ததே அந்த வாரத்தில்தான்.

அந்த வாரத்தில் வேறு சிலவும் மாறின. தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமல் இல்லை. வால் ஆட்டிவிட்டுத் தின்றது. சுண்ணாம்பு நக்குவது நின்றது. செருப்பு கடிப்பது மட்டும் நிற்கவில்லை. அது பல் முளைக்கிற விஷயம், பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு என் பழைய செருப்பையே எழுதிவைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அம்மா குளித்து, சாமிக்குப் படைத்து, மதிலில் காக்கைக்கு ஒரு பிடி வைத்தாள். பிறகு ஒரு வாழையிலைத் துண்டில் சுடுசோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். அதைக் கொல்லைப்படியில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல், "வைரவா, என் பிள்ளைக்கு நல்ல வழி காட்டு" என்றாள். எந்தப் பிள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை. எச்சில் மோர் குடித்து வளர்ந்த பயலுக்கு அன்றைக்கு நைவேத்தியம்.

மத்தியானம் ஒரு வாய், நாலு மணிக்குத் தயிர்ச்சோறு ஒரு வாய். அப்புறம் சரக்கு அறைத் தூணில் கட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பஸ் தாமதமாம், இருட்டும் நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகர்கோவிலில் பலசரக்கு வியாபாரி. பலகாரத் தட்டு வந்ததும் ஒரு முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரக்கெல்லாம் எங்க இருக்கு? ஒரு பார்வை பாப்போமே."

பெண்ணைப் பார்க்குமுன் மூட்டையைப் பார்க்கிற ஜாதி நாங்கள். அப்பா மறுக்க முடியாது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் வித்துரா பஸ் நின்றுகொண்டிருந்தது. மாமன் நேராகச் சரக்கு அறைக்குள் போனார். பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் நான், கணக்கப்பிள்ளை தன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டிக்கொண்டு கடைசியில்.

குட்டி எழுந்து நின்றது. நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்தது. மாமன் குனிந்து, "அட, காவலுக்கா?" என்று அதன் மூக்குக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு நின்றார்.

அது அவருடைய கால்விரலை மோந்தது. மறுகாலை மோந்தது. தும்மியது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

"நல்ல பய" என்று அவர் கையிலிருந்த முறுக்கை அதன் முன்னால் போட்டார். போன வாரமாக இருந்தால் முறுக்கோடு விரலும் போயிருக்கும். குட்டி முறுக்கைக் கவ்வியது, கடிக்கவில்லை. கயிறு எட்டுகிற தூரத்துக்கு நடந்து, இரண்டு துவரம்பருப்பு மூட்டைகளுக்கு இடையில் முறுக்கை வைத்தது, மூக்கால் சாக்கைத் தள்ளி மூடியது. திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

அப்பாதான் முதலில் சிரித்தார். அப்பா சிரிப்பது எங்கள் கடையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"பாத்தீரா வேய், ஸ்டாக் பண்ணுது!"

"வெலை ஏறட்டும்னு வச்சிருக்கு" என்றார் மாமன்.

பெண்ணையும் பார்த்துவிட்டு அவர்கள் போனபிறகு அம்மா விளக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றோடு இலை போட்டு உட்காரப் போனாள். நான் வித்துராக் கூடையை எடுத்து வேண்டுமென்றே அப்பா கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன்.

"காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு அப்பா?"

"எதுக்குலே?"

"செவ்வாக்கிழமைன்னு சொன்னீங்களே."

"சரக்கு கட்டி வைக்கத் தெரிஞ்ச நாயை எவனாவது திருப்பி அனுப்புவானா?" அவர் கூடையைக் காலால் மூலைக்குத் தள்ளினார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "கேட்டியா, நீ உக்காருமுன்ன அதுக்கு ஒரு வாய் வச்சிட்டு வா. கடிச்சுத் தொலைக்கப் போகுது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.